நேரில் பேசவும்

கண்காணிப்பாளர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. ஆனால் வேலையை விட்டு அவர் இன்னும் நீங்கவில்லை. நீங்குகிறவர் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நீங்க வேண்டும் என்பது பொது நகலகத்தின் விதி. அவர் போடவில்லை. ஓய்வு பெறப் பதினொரு நாள் இருக்கும்போது, காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. படிவம் அவர் மேசையில் பேனாவோடு காத்துக் கிடந்தது. ஆகவே தினமும் பதினோரு மணிக்கு அவர் அறைக்கு டீ போயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஆறிப்போய்த் திரும்பி வந்தது. டீயை நிறுத்தலாம் என்று உத்தரவு போட வேண்டியவர் அவர்தான்.

இந்த டீ விவகாரம் எதுவும் அவர் மனைவிக்குத் தெரியாது. தெருவுக்கு அவள் தையலக்கா. முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பதை அங்குல அளவில் தெரிந்து வைத்திருப்பவள். புருஷன் போன பதினாறாம் நாளே மெஷின் சத்தம் கேட்டதும், "கல்லு மனசு" என்று எதிர் வீட்டு நர்ஸம்மா சொன்னாள். சொன்னவளே அடுத்த வாரம் இரண்டு சட்டைத் துணியோடு வந்து நின்றாள் என்பது வேறு கதை.

ஆனால் ஒரு மத்தியானம், சட்டைக் கை ஒன்றை மூட்டிக்கொண்டிருந்தபோது, தையலக்காவுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. புருஷனுடைய குரல் காணாமல் போயிருந்தது. முகம் இருக்கிறது. நடை இருக்கிறது. இருமல்கூட இருக்கிறது. "தண்ணி கொண்டா" என்று அவர் சொல்வது போல நினைத்துப் பார்த்தாள். வார்த்தை வந்தது, ஆனால் அவளுடைய குரலில் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பா குரல் உனக்கு ஞாபகம் இருக்காடி?"

மகள் யோசித்துப் பார்த்தாள். பிறகு, "'ம்' அப்படின்னுவாரும்மா. அது மட்டும் கேக்குது" என்றாள்.

மனிதர் அப்படி. வீட்டில் சொற்களைச் சிக்கனமாகச் செலவழித்தவர். மகள் கல்யாண வீடியோவில்கூட அவர் நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறவராகத்தான் வருகிறார். வாய் திறக்கவில்லை. அவர் குரல் இருப்பது உலகத்தில் ஒரே இடத்தில். இறப்பதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது, கேட்காமலே சொன்னார்: "பிரிவு விழாவுக்குப் பேச்சு தயார் பண்ணிட்டேன். ஆபீஸ்ல கதவைச் சாத்திட்டுப் பேசிப் பதிவு பண்ணிப் பாத்தேன். பதினாலு நிமிஷம் வருது." எழுந்து கை கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "உன்னைப் பத்தியும் ரெண்டு வரி இருக்கு" என்றார்.

"என்ன ரெண்டு வரி?"

"அன்னைக்குக் கேட்டுக்கோ."

அந்த 'அன்னைக்கு' வரவேயில்லை. அவர் எதையும் வீட்டில் வைக்க மாட்டார். ஆபீஸில்தான் பூட்டு இருக்கிறது என்பார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்துக்கு அவர் சொல்ல நினைத்த இரண்டு வரியும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. தையலக்கா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

*

பொது நகலகம் என்பது வட்டுகளுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். கோர்ட்டு, பேங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ இருந்து கம்ப்யூட்டர் வட்டுகள் வரும். அவற்றை ஒரு பெட்டியில் செருகினால் அச்சு அசலாக இன்னொரு வட்டு வரும். பெட்டி பெரிய சாப்பாட்டு டப்பா அளவு. இடது பக்கம் ஒரு வாய், அதன்மேல் 'மூலம்' என்று எழுதியிருக்கும். வலது பக்கம் ஒரு வாய், 'நகல்'. நடுவில் சின்னத் திரை. இந்த ஒரு பெட்டிக்கு நாற்பத்தொரு ஊழியர்கள். வாசல் பலகையில் 'உள்ளது உள்ளபடி' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள். ஓர் எழுத்து உதிர்ந்து போயிருந்தது. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பதால் அதை ஒட்டவில்லை.

நாற்பத்தொரு பேரில் பெட்டியைத் தொடத் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். கண்காணிப்பாளரின் கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களில் அவரும் உண்டு. தையலக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சார் போனதும் அவர் கம்ப்யூட்டரைப் புதுசுக்கு மாத்தினோம்மா. கோப்பு, கடிதம், பதில் போடுற ஏற்பாடு, எல்லாத்தையும் நகல் எடுத்தாச்சு. சொந்த விஷயத்தை நகல் எடுக்கக்கூடாதுன்னு உத்தரவு. அது பழைய வட்டுலயே இருக்கு."

"யாரு உத்தரவு?"

"சார் உத்தரவுதான்."

பழைய வட்டை அலமாரியிலிருந்து எடுத்து இடது வாயில் செருகினார். பெட்டி உறுமியது. கொஞ்ச நேரத்தில் வட்டிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம், பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ நகத்தால் கதவைத் தட்டுவது போல. திரையில் எழுபத்தொரு சதவீதம் வந்ததும் எல்லாம் நின்றது. 'பிழை. நகல் நிறுத்தப்பட்டது.'

"வட்டு நோஞ்சானா இருக்கும்மா. ஒவ்வொரு தடவை சுத்த விடும்போதும் இன்னும் கொஞ்சம் தேயும். படிக்க முடியாத இடம் வந்தா என்ன செய்யணும்னு பெட்டியோட அமைப்புல மூணு வழி இருக்கு. நில். மறுபடி முயற்சி பண்ணு. தாண்டிப் போ. நம்ம பெட்டி 'நில்'லுலயே இருக்கு. 'தாண்டு'ன்னு மாத்தினா, கெட்ட இடத்தை விட்டுட்டு மிச்சத்தை இன்னைக்கே எடுத்துடலாம்."

"மாத்துங்கண்ணே."

"ஒரு பொத்தான்தான்." பெட்டிக்காரர் விரலைப் பொத்தான் வரை கொண்டுபோய், சுடுவது போலத் திருப்பி எடுத்துக்கொண்டார். "அமைப்பை மாத்தக் கண்காணிப்பாளர் அனுமதி வேணும்."

"அவர் செத்துட்டாருண்ணே."

"எனக்குத் தெரியும்மா. ஆபீஸுக்குத் தெரியாதே."

மனு எழுதி, கண்காணிப்பாளர் பெயருக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பினார். மூன்று விநாடிகூட ஆகவில்லை. பதில் வந்தது. 'பார்த்தேன்.' கீழே அவர் பெயர், பதவி.

தையலக்கா ஓரடி பின்வாங்கினாள். வீட்டில் அவர் ஒரு கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதேயில்லை.

பெட்டிக்காரர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தார். "பயப்படாதீங்க. இதை நான்தான் அமைச்சுக் குடுத்தேன். எந்தக் கோப்பும் மூணு தடவை வராம முடியறதில்ல, அப்புறம் நான் எதுக்குய்யா படிக்கணும்னு ஒருநாள் கேட்டாரு. அதான் ஒரே விஷயம் மொத தடவை வந்தா 'பார்த்தேன்.' ரெண்டாந்தடவை வந்தா 'நேரில் பேசவும்.' மூணாந்தடவை 'முடிக்கலாம்.' அதுக்கப்புறம் நாலு வருஷம் அவர் ஒரு கோப்பும் படிக்கல. அந்த நாலு வருஷமும் சிறந்த நிர்வாகத்துக்குக் கேடயம் நமக்குத்தான்."

"அப்போ இன்னும் ரெண்டு தடவை அனுப்பிடுங்களேன்."

"அனுப்பலாம். ஒவ்வொரு பதில் மேலயும் நடவடிக்கை எடுத்துட்டுதான் அடுத்ததை அனுப்பணும். 'பார்த்தேன்'னு சொல்லியிருக்காரு. அதுக்கு என்ன நடவடிக்கைன்னு துணை முடிவு பண்ணணும்."

*

துணை என்றால் துணைக் கண்காணிப்பாளர். நல்ல வாட்டசாட்டமான மனிதர், மத்தியானத்துக்கு மேல் ஆளைப் பார்க்க முடியாது. அவரும், பக்கத்தில் எப்போதும் ஒரு விதிப்புத்தகத்தை இடுக்கிக்கொண்டிருக்கும் சட்ட அதிகாரியும், பெட்டிக்காரரும் சேர்ந்து ஒரு குழு. 'பார்த்தேன்' என்ற சொல்லைக் குழு ஐந்து வாரம் ஆராய்ந்தது. ஆறாவது வாரம் தையலக்காவைக் கூப்பிட்டார்கள், மனுதாரர் என்ற முறையில்.

"இது சும்மா தானா வர்ற பதில்தானே சார்?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"தானா வருதோ, தயாரிச்சு வருதோ, கோப்பு எண் இருக்கும்மா," என்றார் சட்ட அதிகாரி. "இறந்தவர் பதில் சொல்லக்கூடாதுன்னு இந்தப் புத்தகத்துல எங்கயும் இல்ல. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

"அந்த 'மறுபடி முயற்சி பண்ணு'வாவது வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம். பெட்டி எத்தனை தடவை முயற்சி பண்ணிச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேப்பாரு. அப்புறம் நீங்க எத்தனை தடவை முயற்சி பண்ணீங்கன்னு எங்களைக் கேப்பாரு. அந்தப் பழக்கத்தை இங்க உண்டாக்க முடியாது."

துணை தொண்டையைச் செருமினார். அவருக்குப் பேச வரும். "அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கணும். தாண்டுறதுன்னா என்ன? முன்னாடி ஒரு கஷ்டம் இருக்குன்னு தெரிஞ்சும் அதைப் பாக்காம போறது. அதுக்கு அனுபவம் வேணும், பக்குவம் வேணும். நான் இருபத்தாறு வருஷமா தாண்டித்தான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன். அந்த அதிகாரத்தை ஒரு மெஷினுக்குக் குடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

பெட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் மாதாந்திர அறிக்கைக்காக வட்டை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். பழைய அமைப்பிலேயே. டிக், டிக். அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்றது. அடுத்த மாதம் ஐம்பத்திரண்டு. போன தடவை எட்டிய இடத்தை இந்தத் தடவை எட்டவில்லை. உள்ளே இருப்பவர் ஒவ்வொரு மாதமும் ஒரு படி பின்வாங்கிப் போகிறார் என்று தையலக்காவுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தால் ஊசி இறங்கும் சத்தமும் அதே டிக், டிக்காகக் கேட்டது. இரண்டு நாள் தைக்கவில்லை. நர்ஸம்மாவின் இரண்டு சட்டைகளும் அப்படியே கிடந்தன.

கடைசியில் 'பார்த்தேன்' என்பதற்கு 'பார்த்தார்' என்று பொருள் கொள்ளலாம் எனக் குழு முடிவெடுத்தது. இரண்டாம் மனு போயிற்று. மூன்று விநாடி. 'நேரில் பேசவும்.'

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் பேச ஏற்பாடாயிற்று.

அறைக்குள் கால் வைத்ததும் தையலக்கா வாசலிலேயே நின்றாள். மூக்குக்கண்ணாடி உறை மேசையில் இருந்தது. காலண்டர் அவர் இறந்த மாதத்திலேயே நின்றது. நாற்காலியில் அவள் தைத்துக் கொடுத்த பச்சைத் திண்டு. அதன் நடுவில் ஒரு பள்ளம், இப்போதுதான் ஒருவர் எழுந்து போன மாதிரி. அவளுக்குக் கை சும்மா இருக்காது. போய்த் திண்டைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள். துணை என்னவோ முகம் சிவந்தார்.

குழுவின் மூன்று பேரும் அவளும் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். டீ வந்தது. நாற்காலிக்கு முன்னால் ஒன்று, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. துணை எழுந்து நின்று நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"சார், பொருள் ஒண்ணு. பெட்டியின் அமைப்பை 'நில்' என்பதிலிருந்து 'தாண்டு' என்பதுக்கு மாத்துறது. தங்கள் கருத்து?"

சட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதிலுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. யாரும் அசையவில்லை. மின்விசிறி சுற்றியது. மேசையில் கிடந்த ஒப்படைப்புப் படிவத்தின் ஒரு மூலை மெல்ல எழுந்து, விழுந்தது. மறுபடி எழுந்தது. டீயின் ஆவி நேராக மேலே போகாமல் நாற்காலிப் பக்கமே சாய்ந்து போயிற்று. விசிறிக் காற்றுதான். ஆனாலும் துணை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் முடிந்தது. 'கண்காணிப்பாளர் மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை' என்று சட்ட அதிகாரி எழுதிக்கொண்டார்.

"உயிரோட இருந்தப்போவும் சார் இப்படித்தான்," என்றார் துணை. "எங்க பேச்சுக்கு ஒருநாளும் குறுக்க வந்ததில்ல."

மூன்றாம் மனு அன்றே போயிற்று. 'முடிக்கலாம்.'

பெட்டிக்காரர் பொத்தானை அமுக்கினார். ஒரு பொத்தான்தான். அதற்குள் நாலரை மாதம் ஓடியிருந்தது. வட்டு டிக், டிக் என்றது, தயங்கியது, தாண்டியது, மறுபடி தயங்கியது. நூறு என்று திரையில் வந்ததும் பழைய வட்டு ஒரு தரம் கிறீச்சிட்டு அடங்கியது. பிறகு அதை எத்தனை தடவை செருகினாலும் பெட்டி 'மூலம் இல்லை' என்றே சொல்லிற்று.

*

நகலைச் சரிபார்க்காமல் கொடுக்கக்கூடாது. ஆகவே தையலக்கா புருஷன் குரலைக் கூடத்தில் நாற்பத்தொரு பேருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. பெட்டிக்காரர் பதிவை ஓட விட்டார்.

"அனைவருக்கும் வணக்கம்," என்றது குரல்.

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவர்தான். கொஞ்சம் கம்மிய, எண்ணெய் போடாத கதவு போன்ற குரல். இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றியது.

குரல் நகலகத்தைப் புகழ்ந்தது. முன்னாள் கண்காணிப்பாளர்கள் ஒன்பது பேரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது. நடுநடுவே வார்த்தைகள் விழுங்கப்பட்டன. "படிவம் பதினேழை நாம் அறிமுகம் செய்தபோது எழுந்த எதிர்ப்பை..." என்று போய், சடக்கென்று அறுந்து, "...ஆகவே படிவம் பதினெட்டு" என்று தொடர்ந்தது. துணைக்கு ஒரு நிமிடம் நன்றி. வாசல் பலகைக்கு நன்றி. கேடயங்கள் வைத்த அலமாரிக்கு நன்றி. பதின்மூன்றாவது நிமிடத்தில் குரல் நின்று, ஒரு தரம் இருமியது. அவளுக்குத் தெரிந்த இருமல்.

"கடைசியாக, என் மனைவியைப் பற்றி இரண்டு வரி."

கூடம் அமைதியாயிற்று. பதிவும் அமைதியாயிற்று. ஒன்று, இரண்டு என்று பெட்டிக்காரர் விநாடிகளை எண்ணியது அவர் உதட்டில் தெரிந்தது. நாற்பதாவது விநாடியில் குரல் மீண்டும் வந்தது.

"நன்றி. வணக்கம்."

கை தட்டினார்கள். துணை கண்ணைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாசித்தார்: மூலமும் நகலும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகின்றன.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே சார்," என்றாள் தையலக்கா.

"சரிதாம்மா. வட்டுல அந்த எடத்துல படிக்க ஒண்ணும் இல்ல. நகல்லயும் அந்த எடத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டும் ஒத்துப்போகுது. எங்க அலுவலகத்துக்கு இது மாதிரி சுத்தமான நகல் வந்ததே இல்ல." பிறகு துணை ஆறுதலாகக் குனிந்து, "மனசைத் தேத்திக்கோங்க. சார் அதிகம் பேசற ஆளா என்ன? அந்த நாற்பது விநாடி சும்மாத்தான் நின்னுருப்பாரு" என்றார்.

தையலக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் அவர் பேசாம இருந்ததைக் கேட்டவ சார் நான். அவர் சும்மா இருந்தா மூச்சு கேக்கும். மூக்குல ஒரு சின்ன விசில் வரும். இதுல அது இல்ல. இது அவரோட மௌனம் இல்ல. இது ஆபீஸோட மௌனம்."

ஆட்சேபம் இருந்தால் மனு கொடுக்கலாம் என்று சட்ட அதிகாரி சொன்னார். அவர் சொன்னது வழக்கமாகச் சொல்வதைத்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாளே மனு வந்தது. ஒரே வரி. 'அந்த இரண்டு வரி என்ன என்பதைத் தெரிவிக்கவும்.' பெட்டிக்காரர் அனுப்பினார். 'பார்த்தேன்.' அதற்கு என்ன பொருள் என்று குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால் இம்முறை தாமதமில்லை. இரண்டாம் மனு.

'நேரில் பேசவும்.'

பெட்டிக்காரர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எழுதிக் குடுத்த பதில்தாம்மா," என்றார் அவர்.

"தெரியும்ணே," என்றாள் அவள். "எப்போ வரணும்?"

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் தனியாக அந்த அறைக்குள் போனாள். துணை கூட உட்கார வந்தார். "மனுதாரர் பேசணும்னுதான் உத்தரவு" என்று அவள் கதவைச் சாத்தினாள். டீ கொண்டுபோன ஆள் சொன்னதுதான் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அவள் அழவில்லையாம். முதல் அரை மணி நேரம் திட்டினாளாம், கல்யாணத்தில் ஆரம்பித்து. பிறகு மகளைப் பற்றி, கசியும் குழாயைப் பற்றி, நர்ஸம்மா எத்தனை அங்குலம் பெருத்தாள் என்பதைப் பற்றி. நடுநடுவே நிறுத்தி இரண்டு நிமிடம் கொடுத்தாளாம். அதுதானே விதி.

அடுத்த வியாழனும் வந்தாள். அதற்கு அடுத்ததும். ஓரம் மடிக்க வேண்டிய துணியைக் கையோடு கொண்டு வந்துவிடுகிறாள். புதிய கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்துவிட்டார்கள். ஆனால் அறைக்குள் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் அவர் நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விதிப்புத்தகம் படிக்கிறார். சட்ட அதிகாரி கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"மூணாவது மனு ஒண்ணு குடுத்துடுங்கம்மா. 'முடிக்கலாம்'னு வந்துடும். கோப்பை மூடிடலாம்."

"மொதல்ல ரெண்டாவது பதிலுக்கு நடவடிக்கை முடியட்டும் சார். நேரில் பேசச் சொல்லியிருக்காரு. இன்னும் பேசி முடியல."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். எத்தனை நாள் பேசலாம் என்று அதில் எங்கும் இல்லை.

போகும்போதெல்லாம் அவள் பச்சைத் திண்டைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் போகிறாள். அடுத்த வியாழன் வந்து பார்த்தால் நடுவில் பள்ளம் இருக்கிறது. துணைதான் மத்தியானத்தில் அங்கே தூங்குகிறார் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. துணைக்கு மாற்றல் வந்து மூன்று வாரம் ஆகிறது. அறைச் சாவி பெட்டிக்காரரிடம் இருக்கிறது. பள்ளம் இன்னும் விழுகிறது. தையலக்கா அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாவது மனு, தேதி மட்டும் போடாமல், அவள் தையல் பையின் அடியில் நாலாக மடித்துக் கிடக்கிறது.